வாஞ்சூரைத் தாண்டாத வண்டி

காரைக்காலில் எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் அரை மணி நேரத்துக்குள் தமிழ்நாடு வந்துவிடும். வேண்டாம் என்றாலும் வரும். வடக்கே நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு, மேற்கே அம்பகரத்தூரில் கொஞ்சம் அசந்து முறுக்கினால் அங்கேயும் தமிழ்நாடு. இப்படிப்பட்ட ஊரில், நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றரை வருஷமாகத் தமிழ்நாட்டுக்குள் ஒரு கூப்பிடு தூரம்கூடப் போகாமல் வாழ்ந்து காட்டியவர் சஃபியுல்லா பாய்.

மூன்று திசையிலும் முயன்றார். மூன்றிலும் எல்லை தாண்டிய கையோடு வண்டி நின்றது. கிழக்கே கடல். அந்தப் பக்கம் மட்டும் அவர் முயலவில்லை.

பாயை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஷார்ஜாவில் இருபது வருஷத்துக்கு மேல் வண்டி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு பார்ட் நம்பரைச் சொன்னால் எந்த வரிசை, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். அந்தப் பொருளை வண்டியில் எங்கே மாட்டுவார்கள் என்பது வேறு டிபார்ட்மெண்ட். அதில் அவர் தலையிட்டதில்லை.

ஊருக்கு வந்ததும் கார் வாங்குவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவரோ புதுச்சேரியில் மாற்றலாகிப் போன ஒரு போலீஸ் அதிகாரியிடமிருந்து பதினைந்து வயசான டூரிங் வண்டி ஒன்றை வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்டவர்களிடம், "சர்வீஸ் பண்ணாம நீண்ட தூரம் ஓட்டக்கூடாது" என்றார். அன்றைக்கே நாம் உஷாராகியிருக்க வேண்டும்.

வண்டி பார்க்க லட்சணமானது. முன்னால் கண்ணாடித் தடுப்பு, பின்னால் சாய்ந்துகொள்ள மெத்தை, இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள். அதை வாசலில் நிறுத்த பாய்க்கு மனம் வரவில்லை. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே பொரித்துத் தின்கிற ஊர் இது. ஆகவே வண்டி ஹாலுக்குள் வந்தது. சோபாவுக்கும் ஷோகேஸுக்கும் நடுவில், வீட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது.

பாயின் மனைவி ஹஃபீஸா முதல் வாரம் பொறுத்தார். இரண்டாம் வாரம் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்தபடி சொன்னார்.

"என்னங்க, நெய்சோற வாயில வச்சா பங்க்ல நிக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணு அது இருக்கணும், இல்லாட்டி நான் சமைக்கணும்."

பாய் உடனே செயலில் இறங்கினார். டேங்க்கைச் சுற்றி மோந்து மோந்து பார்த்து, மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருப்பதைக் கண்டுபிடித்தார். வாசம் அதன் வழியாகத்தான் வருகிறது. பழைய வண்டி, எப்போதோ ஓட்டை விழுந்திருக்கிறது, முந்தைய அதிகாரி கவனிக்கவில்லை என்று முடிவு கட்டினார். குழாய் கசிவுக்கு வைக்கிற பசையைப் பிசைந்து அந்தத் துளையை அடைத்தார். மூடியின் அடியில் கூடுதலாக ஒரு ரப்பர் வளையமும் போட்டார். வாசம் போயே போய்விட்டது.

"பரவாயில்லையே, உங்களுக்குக்கூட வேல வருது" என்றார் ஹஃபீஸா.

நிக்காஹ் ஆன நாளிலிருந்து பாய் அந்த வாயிலிருந்து வாங்கிய முதல் சான்றிதழ் அது. மனிதர் அதை மனசுக்குள் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார்.

பிறகுதான் பயணங்கள் ஆரம்பித்தன.

இங்கே வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைச்சல். அதனால் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற பங்க்கில் வண்டியை நிறுத்தி, டேங்க்கின் கழுத்து வரை நிரப்பிக்கொண்டுதான் ஒரு காரைக்கால்காரர் தமிழ்நாட்டுக்குள் நுழைவார். அங்கே போய்ப் பெட்ரோல் போடுவது கையாலாகாதவன் செய்கிற காரியம். நிரப்பிய பிறகும் வண்டியைக் கொஞ்சம் ஆட்டி, குமிழி அடங்கியதும் இன்னும் இரண்டு சொட்டு விடச் சொல்வோம். ஊருக்குள் சுற்றும்போது மட்டும் டேங்க் காலியாகத்தான் கிடக்கும். எதிரே பங்க் இருக்கும்போது எதற்கு நிரப்ப வேண்டும்?

பாயும் அப்படித்தான். தெற்கே போகும்போது திருமலைராயன்பட்டினத்து பங்க்கில் ததும்பத் ததும்ப நிரப்புவார். வாஞ்சூரைத் தாண்டுவார். நாகூர் தர்கா மினாரா கண்ணுக்குத் தெரியும். வண்டி இரண்டு தடவை இருமும், ஒரு தடவை விக்கும், நின்றுவிடும்.

நின்றதும் அவர் செய்கிற முதல் வேலை டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பது. பெட்ரோல் கழுத்து வரை நிற்கும். மூடியை மூடுவார். பெருமூச்சு விடுவார். சும்மா ஒரு கிக் அடிப்பார். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பிவிடும். ஆனால் நின்ற வண்டியை நம்பி மேற்கொண்டு போக மனசு இடம் கொடுக்குமா? திருப்பிவிடுவார். வழியில் அதே பங்க்கில் நிறுத்தி, மூடியைத் திறந்து காட்டி, "இதுல தண்ணி கலந்திருக்கு, மோந்து பாருங்க" என்று சண்டை போடுவார். அவ்வளவும் ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே. முகத்தை முழுசாக மூடுகிற ஹெல்மெட் அது. வண்டி நின்ற இடத்தில் அதைக் கழற்றவே மாட்டார். தெரிந்தவர்கள் யாராவது பஸ்ஸில் போவார்கள், பார்த்துவிடுவார்களே.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? டீக்கடையில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

"அதுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி பாய். விசா இல்லாம எப்படிப் போகும்?"

"இல்ல இல்ல, செக்போஸ்ட்டுல போலீஸப் பாத்தா பழைய ஓனரு ஞாபகம் வந்து சல்யூட் அடிச்சு நின்னுருது."

பாய் டீயைக் குடித்துவிட்டுக் கண்ணியமாக எழுந்து போவார். போகும்போது வண்டி ஒரே கிக்கில் கிளம்பும். ஊருக்குள் அது தங்கம்.

வீட்டில் வைத்தியம் தொடர்ந்தது. பாயின் வைத்தியத்தில் ஒரே ஒரு கொள்கைதான். வண்டிக்கு ஒரு நோய் வந்தால், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அதற்கான பாகம் பிளாஸ்டிக் பையில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை வரவழைக்க வேண்டும். பிளக் வந்தது. காயில் வந்தது. பெட்ரோல் குழாய் வந்தது. கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பி, ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்தில் சீட்டு வைத்து, நம்பர் எழுதி, சுத்தம் செய்து மாட்டினார். இரண்டு திருகாணி மிச்சம் வந்தபோது கலங்காமல் அவற்றையும் பையில் போட்டு, 'உபரி' என்று எழுதி வைத்தார்.

இந்த மருத்துவமனைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கௌரவ டாக்டர் வருவார். கோவில்பத்திலிருந்து மாறன். மின்துறையில் வேலை. ஹஃபீஸா வைக்கிற மீன் ஆணத்துக்காக, அதாவது குழம்புக்காக வருகிறாரா, வண்டிக்காக வருகிறாரா என்பதில் தெருவில் இரண்டு கருத்து இருந்தது.

"பாய், எது மேல வேணா சந்தேகப்படுங்க. கரண்ட்டு மேல மட்டும் பழி போடாதீங்க" என்பார் மாறன். "ஸ்பார்க் நீலமா வருது பாருங்க. எங்க சைடு க்ளீன்."

"அப்ப பெட்ரோல் சைடா?"

"டேங்க்க இறக்குங்க. பாட்டில் கட்டிப் பாத்துருவோம்."

வண்டியைக் கொல்லைக்குத் தள்ளி, டேங்க்கை இறக்கி வைத்தார்கள். துணி காய்கிற கொடியில் ஒரு பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, காற்றுப் போக அதன் பின்புறம் ஓட்டை போட்டு, குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி குழாய் வழியே வண்டிக்குப் பெட்ரோல் விட்டார்கள். வண்டி மணிக்கணக்காக ஓடியது. ஆணம் கொதித்து இறக்கிச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஓடியது. பாட்டிலுக்குக் காற்று போக ஓட்டை போட்ட இரண்டு பேருக்கும், பக்கத்திலேயே படுத்துக் கிடந்த டேங்க்கைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. ஆணம் அப்படி.

"வண்டி நல்லாருக்கு பாய். எல்லைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு மாறன் கை கழுவினார்.

இது இப்படியே எத்தனை காலம் ஓடியிருக்குமோ தெரியாது. ஓடாமல் இருந்திருக்குமோ என்றும் சொல்லலாம். அதிராம்பட்டினத்திலிருந்து ஹஃபீஸாவின் ராத்தா, அதாவது அக்கா, மெஹர் பானு போன் போட்டார். அவர் மகள் சுஹைனாவுக்கு நிக்காஹ்.

"உம் மாப்ள டூரிங் வண்டி வாங்கிருக்காராமே! ஹால்லயே டூர் போறீங்களாமே?"

ஹஃபீஸாவுக்குச் சுர்ரென்று ஏறியது. புருஷனை அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ராத்தா சொல்லலாமா?

"நிக்காஹுக்கு அந்த வண்டியிலதான் ராத்தா வந்து இறங்குவோம். பாத்துக்கிட்டே இருங்க."

சொல்லிவிட்டு போனை வைத்தவர் ஹாலுக்கு வந்தார். பாய் தரையில் படுத்து, வண்டியின் அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன். அதிராம்பட்டினத்துல இதுல போய் இறங்குறோம். இறங்கலன்னா நான் பஸ்ஸுல போயிட்டு வருவேன். வர்றப்ப இது ஹால்ல இருக்கக் கூடாது. போலகத்துக்காரர் தூக்கிட்டுப் போகட்டும்."

போலகத்துக்காரர் என்றால் கருப்பையன். கல்யாண ஜோடிகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் வளைத்து வளைத்துப் படம் எடுக்கிறவர். மணலில் நிறுத்தி ஜோடியை உட்கார வைக்க அவருக்கு இந்த வண்டி மேல் ரொம்ப நாளாகக் கண். போன மாதம்கூட வந்திருந்தார்.

"எல்லையத் தாண்டி ஓடாதுங்க" என்று பாய் உண்மையைச் சொன்னபோது, "ஓட வேண்டாங்க, நின்னா போதும்" என்றார் கருப்பையன்.

அந்தச் சொல் பாயைத் தைத்த மாதிரி எந்த ஆணியும் எந்த டயரையும் தைத்ததில்லை. ஷார்ஜாவில் மற்றவர்கள் வண்டிக்கான சாமான்களை எண்ணி எண்ணிக் கொடுத்தபோதெல்லாம், ஊருக்குப் போனால் பின்னால் ஹஃபீஸாவை வைத்துக்கொண்டு கடலோரச் சாலையில் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டவர் அவர். லீவில் வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரி, கல்யாணம், மவுத்து வீட்டுத் துக்கம் என்று வாடகை வேனிலேயே நாள் கழிந்துவிடும். அந்த ஆசையைக் கடைசியில் கடற்கரையில் ஊன்றி வைத்து, யாரோ ஏறிப் பல்லைக் காட்டுவதா?

ஹஃபீஸாவுக்கும் வண்டி போகட்டும் என்றுதான் எண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து, பட்டுச் சேலை கசங்காமல் எத்தனை மடிப்பில் உள்ளே போகும் என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அறிவேன். எப்படி அறிவேன் என்று கேட்காதீர்கள். மாறன் சொல்லவில்லை.

நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினார்கள். தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் திரும்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இருந்தார்கள். திருமலைராயன்பட்டினத்து பங்க்கில் வழக்கம்போல டேங்க் நிரம்பியது, ஆட்டப்பட்டது, இரண்டு சொட்டு கூடுதலாக வாங்கியது.

பங்க்காரர் மரியாதையாகக் கேட்டார். "பாய், திரும்ப வர எவ்வளவு நேரமாகும்? சண்ட போட நான் இருக்கணுமா, டீக்குப் போகலாமா?"

வாஞ்சூர் வந்தது. போனது. மினாரா தெரிந்தது. பாய் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். வண்டி இருமியது. விக்கியது. நின்றது.

ஹஃபீஸா இறங்கினார். முதல் வேலையாக ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் இடுக்கிக்கொண்டார். பஸ்ஸில் யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கவலையில்லை. புழுக்கம்தான் கவலை. பாய் ஹெல்மெட்டோடு குனிந்து, வழக்கப்படி டேங்க் மூடியைத் திறந்தார்.

"ஏங்க. அது என்ன சத்தம்?"

"என்ன சத்தம்?"

"மூச்சு விட்டுச்சே."

"யாரு?"

"உங்க வண்டிதான். மூடியத் தொறந்ததும் 'ஸ்ஸ்'னு. நீங்க ஷார்ஜாவுலேந்து கொண்டாருவீங்களே ஒலிவக்காய் ஊறுகா பாட்டிலு, அத மொத தடவ திருகுனா வரும்ல, அதே சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"தலயில குண்டான கவுத்துக்கிட்டு நின்னா எப்படிக் கேக்கும்? மூடுங்க. கிளப்புங்க. மறுபடி எங்க நிக்கிதோ அங்க அதக் கழட்டிட்டுக் காத வச்சுக் கேளுங்க."

பாய் முதல்முறையாக, நின்ற வண்டியைத் திருப்பாமல் முன்னால் விட்டார். நாகூர் நெருங்கும்போது அது மறுபடி இருமி நின்றது. பாய் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு காரைக்கால் பஸ் வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று நிற்கப் பார்த்தார். ஹஃபீஸா விடவில்லை. பஸ் முழுக்கப் பார்க்க ஹெல்மெட்டைக் கழற்றி, டேங்க் மேல் காதை வைத்து, மூடியைத் திருகினார் பாய். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு அது வண்டியிடம் ரகசியம் கேட்கிற மாதிரி தெரிந்திருக்கும்.

ஸ்ஸ்ஸ்.

பாய் நிமிரவில்லை. காதை அங்கேயே வைத்திருந்தார்.

"என்னங்க, கேட்டுச்சா?"

"இதுல ஒரு ஓட்ட இருந்துச்சு" என்றார் பாய் டேங்க்கிடம்.

"எங்க போச்சு?"

"நான்தான் அடச்சேன்."

"எப்போ?"

"நீ பரவாயில்லையேன்னு சொன்னியே. அப்ப."

விஷயம் இவ்வளவுதான். டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக வண்டியைச் செய்தவர்களே வைத்த துளை அது. பாய் அதை அடைத்தார். ஊருக்குள் சுற்றும்போது காலி டேங்க்கில் இருக்கிற காற்றை வைத்து வண்டி சமாளித்துக்கொண்டது. எல்லை தாண்டும்போது மட்டும் நம் வழக்கப்படி கழுத்து வரை நிரப்பி, இருந்த காற்றையும் ஆட்டி வெளியேற்றிவிட்டு ஓட்டினால், கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் இறங்க வழியில்லாமல் மூச்சு முட்டும். மூடியைத் திறந்ததும் ஒரு வாய்க் காற்று குடித்துவிட்டுக் கிளம்பும். வேறு எந்த ஊர்க்காரராவது பாதி டேங்க்கோடு ஓட்டியிருந்தால் வண்டி இன்னும் நெடுந்தூரம் போயிருக்கும். பாய் தேடித் தேடி மாற்றிய சாமான்கள் ஒன்றிலும் நோய் இல்லை. ஓட்டைக்குப் பார்ட் நம்பர் கிடையாது. வேறு எந்த வேலையை வேண்டுமானாலும் அவர் சந்தேகப்பட்டிருப்பார். சான்றிதழ் வாங்கிய வேலையை யார் சந்தேகப்படுவார்கள்?

ஹஃபீஸா திட்டுவார் என்று பாய் காத்திருந்தார். அவரோ சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகிற ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்து, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனது.

"அப்ப தப்பு என் மேலதான்" என்றார் மூச்சு வாங்கியபடி. "உங்களப் பாராட்டியிருக்கக் கூடாது."

முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி நீட்டினார். பாய் அந்த ஊசியால் பசையைக் குத்திக் குத்திப் பெயர்த்தார். நெற்றி வியர்வை டேங்க்கில் சொட்டியது. துளையில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போனது. அடியில் போட்ட ரப்பர் வளையத்தையும் உருவினார். எறிவதற்குக் கை ஓங்கியவர், ஸ்டோர் கீப்பர் அல்லவா, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாகூர் போனது. நாகப்பட்டினம் போனது. வேளாங்கண்ணியில் பாய் நிறுத்தலாமா என்று கேட்டார். "நிறுத்தாதீங்க, போற வரைக்கும் போகட்டும்" என்றார் ஹஃபீஸா. அது பயத்தில் சொன்னதா, ஆசையில் சொன்னதா என்று பாய்க்குத் தெரியவில்லை. முத்துப்பேட்டை தாண்டியபோது பின்னாலிருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தார். அவர் காற்றில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதிராம்பட்டினத்துக் கல்யாண வீட்டு வாசலில் மெஹர் பானு தெரு முனை வரை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. லாரியில ஏத்திட்டு வந்து, முக்குல இறக்கி, தள்ளிக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"கை வச்சுப் பாருங்க ராத்தா. இன்ஜின் சுடுது."

மெஹர் பானு தொட்டுப் பார்த்தார். கையை உதறினார். பிறகு தங்கையைக் கட்டிப்பிடித்தவர் மூக்கைச் சுளித்தார். "என்னடி உன் மேல பெட்ரோலு வாசம்?"

"ஷார்ஜா அத்தர்" என்றார் ஹஃபீஸா. "எங்களுக்குச் சேந்து சாப்பிட ஒரு சஹன் சோறு எடுத்து வைங்க. பசிக்கிது."

ஊருக்குத் திரும்பியதும் டீக்கடைக்குப் பெரிய ஏமாற்றம். என்ன கோளாறு என்று கேட்டவர்களிடம் பாய், "வேக்யூம் ரிலீஃப் சிஸ்டம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு கேட்க யாருக்கும் துணிவில்லை. மாறன் மட்டும், "நான் அன்னைக்கே சொன்னேன், கரண்ட்டு இல்லன்னு" என்று ஆணத்தில் பங்கு கேட்டார். வண்டியைக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மினி வேனோடு வந்து நின்ற கருப்பையனிடம் ஹஃபீஸாவே பேசினார்.

"இது நிக்காதுங்க. ஓடிக்கிட்டே இருக்கு. உங்களுக்குச் சரிப்படாது."

வண்டி ஹாலிலேயே இருக்கிறது. துளை திறந்ததும் வாசமும் திரும்பி வந்துவிட்டது. வியாழக்கிழமை பின்னேரம் ஹாலில் சாம்பிராணி போடுவது அந்த வீட்டு வழக்கம். இப்போது நெருப்புச் சட்டியைக் கொல்லைக்கு எடுத்துப்போய், அங்கே கொய்யா மரத்துக்குப் போடுகிறார்கள். நெய்சோற்றைப் பற்றிப் புகார் இல்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது, பாய் சாமான்கள் அடுக்கிய அலமாரியைக் காட்டினார். எல்லாம் சின்னச் சின்ன பைகளில், சீட்டு எழுதி. கடைசிப் பையில் ஒரே ஒரு முக்காட்டு ஊசி. 'மூடி துளை திறப்பான், எண்ணிக்கை 1' என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. அவர் அதை விளக்கத் தொடங்குவதற்குள் ஹஃபீஸா வெளியே கிளம்புகிற கோலத்தில் வந்து, பையைப் பிரித்து ஊசியை எடுத்து முக்காட்டில் குத்திக்கொண்டார்.

"ஏம்மா, ஸ்டாக்குலேந்து எடுத்தா சீட்டுல எழுதிட்டு எடுக்கணும்."

"என் ஊசிய நான் எடுக்க ஒங்ககிட்ட எழுதிக் குடுக்கணுமா? வண்டிய வெளியில எடுங்க. தரங்கம்பாடி போறோம்னு சொன்னீங்கள்ல, வெயில் ஏறுது."

பாய் வண்டியை வாசலுக்குத் தள்ளினார். வடக்கு எல்லையில் இருக்கிற பூவத்து பங்க்கில் முக்கால் டேங்க் மட்டும் போடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்தார். நான் நம்பவில்லை.